மகாராசாவின் காரா, ராசதுரையின் காரா? பழைய காரின் பூர்வீகம் தேடும் முறை

யாழ்ப்பாணத்தில் பழைய கார் ஒன்று கொட்டிலை விட்டு வெளியே வந்தால் போதும், படத்தோடு ஒரு வரியும் சேர்ந்தே பரவும். "எலிசபெத் மகாராணி ஏறின கார்" என்பார்கள். "இந்திய மகாராசா ஒருவர் வைத்திருந்தது" என்பார்கள். கீழே ஒருவர் அது வெறும் ஒஸ்ரின் என்று சிரிப்பார். இன்னொருவர் தன் அப்பப்பா நேரே கண்டதாகச் சத்தியம் செய்வார். இரண்டு பேரிடமும் ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது.

காணி வாங்கும்போது நாங்கள் இப்படி நடப்பதில்லை. மூல உறுதி எது, எது அறுதி, எது நன்கொடை, எது சீதனம், காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்தாயிற்றா என்று நொத்தாரிசைக் குடைந்துவிடுவோம். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான தோம்பு வரை போகிறவர்களும் உண்டு. அரச குடும்பத்தோடு தொடர்புள்ளதாகச் சொல்லப்படும் காருக்கும் வேண்டியது இதே குடைச்சல்தான். தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளிலிருந்து இன்று நிற்கும் வளவு வரை அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற சங்கிலியை இந்தக் கட்டுரையில் உடைமைத் தொடர் என்று சொல்வோம். அதில் ஒரு கண்ணி காணாமல் போனாலும் "இருக்கலாம்" என்று சொல்லலாம், "ஆம்" என்று சொல்ல முடியாது.

## முதலில், எந்த அரசர்?

யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயரிடம் விழுந்தது. கண்டி 1815இல் பிரித்தானியரிடம் போனது. மோட்டார் கார் இலங்கைக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆகவே இந்தத் தீவின் சொந்த அரசர் எவரும் கார் வைத்திருந்திருக்க வழியில்லை. கிரீடம் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதற்கு மூன்று பாதைகள் இருக்கின்றன.

1. பிரித்தானிய அரச குடும்பத்தின் வருகைகள். இளவரசர் எட்வேர்ட் 1922இல் வந்தார். குளொஸ்டர் கோமகன் 1934இலும், சுதந்திரத்தை ஒட்டி 1948 பெப்ரவரியிலும் வந்தார். எலிசபெத் மகாராணி 1954 ஏப்ரல் 10 தொடக்கம் 21 வரை இருந்தார், பிறகு 1981 ஒக்டோபரில் மறுபடி வந்தார். "ராணி ஏறின கார்" கதைகளில் பெரும்பாலானவை 1954ஐத்தான் சுட்டும்.

2. இங்கே சேவையில் இருந்த அரச குடும்பத்து இளைஞர்கள். இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

3. இந்திய சமஸ்தானங்கள். இங்கே ஒரு சறுக்கல் உண்டு. ராஜா பட்டம் சமஸ்தான மன்னருக்கும் இருந்தது, ஜமீன்தாருக்கும் இருந்தது. இன்றைய தமிழ்நாட்டுக்குள் சமஸ்தானம் என்ற தகுதியோடு இருந்தது புதுக்கோட்டை. இராமநாதபுரம் சேதுபதிகள் பிரித்தானியர் ஆட்சியில் ஜமீன்தார்கள். மரியாதை குறைந்தவர்கள் என்று பொருளில்லை. ஆனால் ஆவணம் தேடும் இடம் இரண்டுக்கும் வேறு. இந்தியாவில் மன்னர் மானியம் 1971இல் ஒழிக்கப்பட்டபின் பல அரண்மனைக் கார்கள் விலைக்குப் போயின. அப்படி ஒன்று பாக்குநீரிணையைக் கடந்து இங்கே வந்திருந்தால் கப்பல் பத்திரமும் சுங்கப் பத்திரமும் இருந்திருக்க வேண்டும். காரை வள்ளத்தில் ஏற்றி இரவோடு இரவாகக் கொண்டுவருவது சாமானியமான வேலையில்லை.

## தமிழ்ச் சொல் செய்யும் வேலை

வேறு மொழியில் இந்தக் குழப்பம் இவ்வளவு இராது. "அரச" என்ற சொல்லுக்கு எங்களிடம் இரண்டு பொருள். அரச குடும்பம் என்றால் ராசா வீடு. அரச திணைக்களம் என்றால் அரசாங்கம். "அது அந்தக் காலத்தில் அரச கார்" என்று பெரியவர் ஒருவர் சொன்னால், கச்சேரியில் அரசாங்க அதிபர் ஓடிய கார் என்று அவர் சொல்லியிருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு தலைமுறை கழிய அதே வாக்கியம் அரண்மனைக்குள் போய்விடுகிறது.

அப்புறம் பெயர்கள். ராசா, ராசதுரை, மகாராசா, ராணி எல்லாம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருந்த பெயர்கள். "ராசாவின்ர கார்" என்று ஊர் சொன்னால் முதலில் அந்த ஒழுங்கையில் ராசா என்று யாரும் இருந்தாரா என்று விசாரிப்பது நல்லது.

மூன்றாவது, காரின் பெயரே ஏமாற்றும். ஒஸ்ரின் கம்பனி 1947இல் அறிமுகப்படுத்திய பெரிய கார் ஒன்றுக்குப் பிரின்செஸ் என்று பெயர் வைத்தது. நீளமான, கறுப்பு நிறத்தில் கம்பீரமாக நிற்கும் கார். நகர முதல்வர்களும் தூதரகங்களும் விரும்பி வாங்கியது. "பிரின்செஸ் கார்" என்பது "பிரின்செஸின் கார்" ஆக ஒரு விகுதி போதும்.

## "தொடர்பு" என்றால் எவ்வளவு தொடர்பு?

அரச தொடர்பு என்பதை ஒரே சொல்லாக விட்டுவிட்டால் விவாதம் முடியவே முடியாது. வலுவானதிலிருந்து வலுவற்றது வரை இப்படிப் பிரிக்கலாம்:

1. அரச குடும்பத்தவர் ஒருவர் சொல்லிச் செய்வித்த கார்.
2. வேறொருவருக்காகச் செய்யப்பட்டு, பின்னர் அரச குடும்பத்தவர் வாங்கிய கார்.
3. அரச வருகையில் ஒருவர் ஏறிச் சென்ற கார். உரிமை அரசாங்கத்துடையதாகவோ தனியாருடையதாகவோ இருந்திருக்கும்.
4. அதே ஊர்வலத்தில் அதிகாரிகளையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு பின்னால் போன கார்.
5. அரச குடும்பம் வைத்திருந்த அதே மாதிரியைச் சேர்ந்த கார்.

யாழ்ப்பாணத்தில் கேட்கும் கதைகள் 1ஆம் படியில் நின்று பேசும். தோண்டிப் பார்த்தால் 4இலோ 5இலோ வந்து நிற்கும் என்பது என் கணிப்பு. அது கேவலமும் இல்லை. 1954 ஊர்வலத்தில் பின்னால் போன கார் என்று நிரூபிக்க முடிந்தால் அதுவே பெரிய விஷயம்.

முதலிரண்டு படிகளும் எவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு அன்னக் கார் சாட்சி. 1910இல் இங்கிலாந்தின் புரூக் கம்பனி செய்தது. முன்பக்கம் முழுவதும் அன்னப்பறவை வடிவம், அலகு வழியாகச் சுடுநீர் பீய்ச்சும், சில்லில் ஒட்டும் யானைச் சாணியைத் துடைக்கத் தூரிகை. படத்தைப் பார்க்கிற எவரும் மகாராசா செய்வித்தது என்றே நினைப்பார். செய்வித்தவர் கல்கத்தாவில் இருந்த மத்யூசன் என்ற வெள்ளைக்காரர். நாபா சமஸ்தான மகாராசா அதைப் பின்னால்தான் வாங்கினார். இன்று அது நெதர்லாந்தில் லவ்மன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மகாராசா கார் என்பது உண்மை, மகாராசாவுக்காகச் செய்த கார் என்பது பொய்.

## காருக்கு இரண்டு பிறப்புச் சான்று

கார் என்று நாம் சொல்வது ஆவணக் கண்ணில் ஒரு பொருள் அல்ல. அடியில் இருக்கும் இரும்புச் சட்டம் சேசிஸ். அதில் ஒரு இலக்கம் பொறித்திருக்கும். எஞ்சினுக்குத் தனி இலக்கம். மேலே இருக்கும் உடலுக்கு இன்னொரு இலக்கம்.

இரண்டாம் உலகப் போர் வரை ரோல்ஸ் ரோய்ஸ் போன்ற கம்பனிகள் சேசிஸையும் எஞ்சினையும் மட்டும் செய்து கொடுத்தன. உடலைக் கட்டியது வேறு பட்டறை. பார்க்கர், ஹூப்பர், திரப் அன்ட் மேபர்லி ஆகியவை பெயர்பெற்றவை. ராஜ்கோட் மன்னருக்காக 1934இல் செய்த, "ஸ்டார் ஒஃப் இந்தியா" என்று புகழ்பெற்ற காரில் சேசிஸ் ரோல்ஸ் ரோய்ஸ் பாந்தம் 2, உடல் திரப் அன்ட் மேபர்லி. ஆகவே இப்படியான காருக்கு இரண்டு இடங்களில் பதிவு தேட வேண்டும். இரண்டும் ஒரே வாடிக்கையாளரின் பெயரைச் சொன்னால்தான் கதை நிற்கும். சேசிஸ் ஒரு மன்னருடையதாக இருந்து, பழுதான உடலைக் கழற்றிவிட்டு வேறு காரின் உடலைப் பூட்டியிருக்கவும் கூடும்.

அப்படியானால் எது அந்தக் கார்? கோயில் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். சில்லு மாற்றுவார்கள், வடம் மாற்றுவார்கள், சிற்பப் பலகை புதிதாகப் பூட்டுவார்கள். அடிப்பீடம் இருக்கும்வரை அதே தேர்தான் என்பார்கள். பழைய கார்க்காரர்களும் கிட்டத்தட்ட இதே கணக்கில்தான் சேசிஸைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

சில கார்களில் இந்தத் தேடல் மிக லேசு. ரோல்ஸ் ரோய்ஸ் பாந்தம் 4 என்ற மாதிரி 1950 முதல் 1956 வரை 18 மட்டுமே செய்யப்பட்டது. அரச குடும்பங்களுக்கும் நாட்டுத் தலைவர்களுக்கும்தான் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் யாருக்குப் போனது என்ற பட்டியல் இருக்கிறது. யாராவது பாந்தம் 4 என்று சொன்னால் பட்டியலைத் திறந்தால் ஐந்து நிமிட வேலை. ஆயிரக்கணக்கில் செய்த ஒஸ்ரின் ஏ-40இலோ மொறிஸ் மைனரிலோ அந்த வசதி கிடையாது.

முன்னால் பூட்டும் சின்னத்தை நம்ப வேண்டாம். எலிசபெத் மகாராணி ஏறிய அரச காரில் பறவைநாகத்தைக் கொல்லும் புனித ஜோர்ஜின் வெள்ளிச் சிலை இருந்தது. அது காருக்குக் கார் கழற்றிப் பூட்டக்கூடியது. பிரித்தானியாவில் அந்த அரச கார்களுக்கு இலக்கத் தகடே கிடையாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

## இலக்கத் தகடு சொல்லும் காலம்

இலங்கையில் கிடைக்கும் மிகப் பெரிய தடயம் எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் தொங்குகிறது. ஒரு வாகனத்துக்கு முதலில் கொடுத்த இலக்கம் அதன் ஆயுள் முழுவதும் கூடவே இருக்கும். எந்தக் கையில் போனாலும் மாறாது. ஆகவே இலக்கத்தின் வடிவமே அது எப்போது இங்கே பதியப்பட்டது என்பதைச் சொல்லும்.

1. மிகப் பழையவற்றுக்கு ஒற்றை ஆங்கில எழுத்தும் எண்ணும்.
2. பிறகு சி.எல்., சி.என்., ஈ.என்., ஈ.எல்., ஈ.வை. போன்ற இரட்டை எழுத்துகள். சிலோன் என்ற ஆங்கிலப் பெயரிலிருந்து பொறுக்கி எடுத்த எழுத்துகள்தான் இவை.
3. 1957 ஜனவரியிலிருந்து சிங்கள ஸ்ரீ எழுத்து.
4. அதற்குப் பின் ஸ்ரீ இல்லாத எண் வரிசை, அதற்கும் பின் மாகாண எழுத்துகள். வட மாகாணத்துக்கு என்.பி.

மூன்றாவது வரிசையின் கதை யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. சிங்கள ஸ்ரீக்குப் பதிலாகத் தமிழ் ஸ்ரீ எழுதி ஓட்டும் போராட்டத்தைத் தமிழரசுக் கட்சி 1957இல் தொடங்கியது. 1958இல் தேசியமயமான பஸ்கள் சிங்கள ஸ்ரீயோடு வடக்குக்கு வந்தபோது தார் பூசப்பட்டது, தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் போனது, ஏப்ரலில் பண்டாரநாயக்க செல்வநாயகம் ஒப்பந்தம் கிழிந்தது. கார் ஆராய்ச்சிக்கு இதில் ஒரு சின்னப் பயன் இருக்கிறது. பழைய ஆல்பத்தில் தமிழ் ஸ்ரீயோடு ஒரு கார் தென்பட்டால் அந்தப் படத்தின் காலத்தைக் கிட்டத்தட்டக் குறித்துவிடலாம். இலக்கம் அதேதான், எழுத்து மட்டும் வேறு.

இப்போது உதாரணத்துக்கு ஒரு கணக்கு. கொட்டிலில் ஒரு கார் நிற்கிறது. 1954இல் மகாராணி இலங்கை வந்தபோது ஏறியது என்கிறார்கள். தகட்டில் 1 ஸ்ரீ. அப்படியென்றால் அது 1957இலோ அதற்குப் பின்போதான் இங்கே பதியப்பட்டிருக்கிறது. 1954இல் அந்தக் கார் இலங்கை வீதியில் ஓடியிருக்க வேண்டுமானால் பதிவில்லாமல் ஓடியிருக்க வேண்டும், அல்லது பழைய பதிவை ரத்துச் செய்து புதிதாகப் பதிந்திருக்க வேண்டும். இரண்டாவது நடக்கக்கூடியதுதான். ஆனால் அதைக் காட்டும் பொறுப்பு கதை சொல்கிறவருடையது. மாறாக ஈ.என். போன்ற இலக்கம் இருந்தால் காலம் ஒத்துப்போகிறது என்று மட்டும் சொல்லலாம். அதே காலத்தில் பதிந்த மற்ற எல்லாக் காருக்கும் அது பொருந்துமே.

## பன்னிரண்டு பவுணுக்கு வாங்கிய கார்

இங்கே சேவையில் இருந்த அரச குடும்பத்து இளைஞருக்கு முன்னே சொன்ன உதாரணம் இதுதான். ஆடம்பரம் சாட்சி அல்ல என்பதையும் இது காட்டும். கொழும்பு காலிமுகத்திடல் ஹோட்டலில் 1935ஆம் ஆண்டு ஸ்ராண்டர்ட் நைன் கார் ஒன்று காட்சிக்கு நிற்கிறது. 1940இல் இலங்கையில் பிரித்தானியக் கடற்படையில் பயிற்சி நிலை அதிகாரியாக இருந்த, பின்னாளில் எலிசபெத் மகாராணியின் கணவரான பிலிப் 12 பவுணுக்கு வாங்கிய கார் அது. அவருடைய முதல் கார். அன்றைக்கு அவர் கிரேக்க, டென்மார்க் அரச குடும்பத்து இளவரசர், கையில் காசு குறைந்த இளைஞர். எலிசபெத்தைத் திருமணம் செய்தது 1947இல்.

அந்தக் காரில் தங்கமும் இல்லை, முத்திரையும் இல்லை. அதே மாதிரிக் கார் ஒன்று சாவகச்சேரியில் ஒரு பலாமரத்தடியில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதற்கு மதிப்பைக் கொடுப்பது யார் வாங்கினார், எப்போது, எவ்வளவுக்கு என்று சொல்ல முடிவதுதான். எங்கள் பக்கத்தில் தேடுகிறவர்கள் நீளமான கறுப்புக் கார்களையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். சின்னக் கார்களையும் பாருங்கள் என்பேன்.

## யாழ்ப்பாணத்துச் சங்கிலி அறும் இடம்

வேறு ஊரில் எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு பொருந்தாவிட்டால் உடனே சந்தேகப்படுவார்கள். இங்கே அவசரப்படக்கூடாது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் அருமையாக இருந்தபோது, கொஞ்சப் பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கிச் சூடாக்கி, அப்புறம் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால்தான் அந்த முதல் சொட்டுப் பெற்றோல். பழைய ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அவை இதைத் தாங்கின. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், கரி படியும், தேய்மானம் கூடும். உதிரிப்பாகமும் வராத காலம். ஒரு காரின் எஞ்சின் இன்னொன்றுக்குப் போனது, சிலவற்றுக்கு டீசல் எஞ்சின் ஏறியது. ஆகவே எஞ்சின் மாறியிருப்பது யாழ்ப்பாணக் காரில் களவுக்குச் சாட்சி அல்ல, உயிர் பிழைத்ததற்குச் சாட்சி.

தாள்கள் பிழைக்கவில்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்கள் கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். காரின் பழைய இன்சூரன்ஸ் தாளை யார் நினைத்தார்? அதனால் பல கார்களுக்கு முதல் உரிமையாளர் தெரியும், இன்றைய உரிமையாளர் தெரியும், நடுவில் வெறுமை. அரண்மனைக் கதைகள் வந்து குந்துவது அந்த வெறுமையில்தான்.

அந்த நடுப்பகுதியை நிரப்ப உதவக்கூடியவை:

1. நாரஹேன்பிட்டவில் உள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவு. முந்திய உரிமையாளர் பெயர்கள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.
2. வருடா வருடம் எடுத்த வருமான அனுமதிப்பத்திரங்கள். பழையவற்றைக் கண்ணாடிக்குப் பின்னாலேயே ஒட்டிவிட்டவர்கள் உண்டு.
3. கலியாண ஆல்பங்கள். யாழ்ப்பாணத்தில் பெரிய கார் என்றால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இரவல் போயிருக்கும். மணமக்கள் முகத்தை விட்டுவிட்டு இலக்கத் தகட்டைப் பாருங்கள்.
4. பழைய பத்திரிகை விளம்பரங்கள். ஈழகேசரி இதழ்கள் பல "நூலகம்" என்ற இணையத்தளத்தில் படிக்கக் கிடைக்கின்றன.

காரின் முதல் கண்ணிக்குப் பிரித்தானியாவில்தான் கேட்க வேண்டும். ஒஸ்ரின், மொறிஸ் போன்றவற்றின் தொழிற்சாலைப் பதிவுகள் கேய்டனில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எல்லா மாதிரிக்கும் பதிவு எஞ்சவில்லை. இருந்தால் கட்டணம் வாங்கிக்கொண்டு, செய்து முடித்த திகதி, முதல் நிறம், எங்கே அனுப்பினார்கள் என்று சான்றிதழ் தருவார்கள். ரோல்ஸ் ரோய்ஸ் என்றால் அதன் ஆர்வலர் சங்கத்திடம் சேசிஸ் அட்டைகள் இருக்கின்றன. டெய்ம்லர் என்றால் ஜாகுவார் டெய்ம்லர் மரபுரிமை அறக்கட்டளை. கடிதத்தில் ராணியைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம். சேசிஸ் இலக்கத்தை மட்டும் கொடுத்து, பதிவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பதில் தானாக வந்து கதையோடு பொருந்தினால் அதன் எடை வேறு.

## பெயின்ற் அடிக்க முதல்

பழைய கார் கிடைத்தவுடன் எங்கள் ஆட்கள் செய்யும் முதல் வேலை கராச்சுக்குக் கொண்டுபோய்ப் பளபளவென்று ஆக்குவது. சாட்சியை அழிக்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது. பிரித்தானிய அரச கார்கள் கருஞ்சிவப்பும் கறுப்பும் சேர்ந்த நிறம் கொண்டவை. இந்திய அரண்மனைக் கார்களில் கதவில் குலச்சின்னம், பெண்களுக்கான திரைச்சீலைக் கம்பி, வேட்டைக்கான விளக்குப் பூட்டிய ஓட்டைகள் போன்றவை இருக்கும். எல்லாம் இன்றைய பெயின்றுக்கு அடியில் மறைந்திருக்கலாம்.

1. எதையும் கழுவாமல், எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். அடிப்பக்கமும் சேர்த்து.
2. சேசிஸ் இலக்கத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில் இல்லாவிட்டாலோ, சுற்றி வெல்டிங் தழும்போ அரைத்த அடையாளமோ இருந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள்.
3. கதவுக்குக் கீழ்ப் படியில் உடல் கட்டிய பட்டறையின் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆணி புதிதாக இருந்தால் தகடு பழையதாக இருந்து பயனில்லை.
4. கதவுக் கீலுக்கு உள்ளே, வெளியில் தெரியாத இடத்தில், ஒரு சதக்காசு அளவுக்கு மணல்தாளால் மெல்ல உரசுங்கள். பெயின்ற் அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரியும். அதையும் படம் எடுங்கள்.
5. இருக்கைக்கு அடியில் கிடக்கும் குப்பையை எறிய வேண்டாம். பழைய ரசீதும் பஸ் டிக்கெட்டும் அங்கேதான் சிக்கியிருக்கும்.
6. கதை சொல்லும் பெரியவரிடம் "ராணி ஏறினவவா?" என்று கேட்கக்கூடாது. "இந்தக் கார் எப்படி இங்கே வந்தது?" என்று கேட்டுவிட்டு இருங்கள். அவர் சொன்னதைப் படத்தின் பின்புறத்தில் திகதி போட்டு எழுதி வையுங்கள், பென்சிலால். பேனா மை ஒரு மாரிக்கே கரைந்துவிடும்.